நான் தடுத்த மதில்

பக்கத்து வீட்டு அக்கா எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மதிலை உயர்த்த ஆரம்பித்தது, தன் மகளிடம் அவள் குழந்தை திரும்பி வர வேண்டும் என்பதற்காக. நான் கோர்ட்டுக்குப் போய் அதைத் தடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்திருந்து, ஐயோ தெரியாமல் செய்துவிட்டேனே என்று அழுது காட்ட எனக்கு விருப்பமில்லை. தெரியாமல் செய்தேன் என்பது உண்மைதான். தெரிந்துகொள்ள ஒரு நாள்கூட நான் முயலவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை.

தாம்பரத்துக்குக் கிழக்கே, வேளச்சேரி போகிற சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் தெரு. நாங்கள் மனை வாங்கியபோது அங்கே மொத்தமே ஐந்து வீடுகள். விற்றவர் அந்த ஊர்க்காரர். தன் வயலை மனைகளாகப் பிரித்தவர், ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் ஒரு நிபந்தனையை எழுதச் சொல்லியிருந்தார். மனைக்கும் மனைக்கும் நடுவே வரும் மதில் நான்கு அடிக்கு மேல் போகக் கூடாது. அதன்மேல் தகரமோ ஓலையோ வலையோ கட்டி மறைக்கவும் கூடாது. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திர எழுத்தர் அதை வாசித்துக் காட்டினார். 'சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே சுவரை உயர்த்தாதே என்றால் இது என்ன சுதந்திரம் என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. நிலத்துக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அஞ்சே வூடுதான் கீதும்மா. பாம்பு வந்தாலும் திருடன் வந்தாலும், ஒருத்தர் கத்துனா பக்கத்துல கீறவங்களுக்குத் தெரியணும் இல்ல?" என்றார்.

அந்த நியாயம் எனக்குப் பிடித்துப்போனது. பிறகு வீடுகள் ஐந்து ஐம்பதாகி, ஐம்பதும் மாடி வீடுகளாகி, பாம்பு போன இடம் தெரியாமல் போனது. தெருவில் முக்கால்வாசிப் பேர் நான்கடிச் சுவர்மேல் தகரம் அடித்துவிட்டார்கள். எங்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் மட்டும் அது நான்கடியாகவே இருந்தது. சட்டத்துக்குப் பயந்து இல்லை. உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அக்கா அவளைச் சுவர்மேல் உட்கார வைப்பாள், நான் இந்தப் பக்கம் இறக்கிக்கொள்வேன். என்னைச் சித்தி என்று கூப்பிட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக ஆரம்பித்தாள். வாய்ப்பாடு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தலை பின்னிவிட்டது பாதி நாள் நான்தான். அவள் காலேஜில் இருந்தபோது அவள் அப்பா தவறிப்போனார். அந்தப் பதினாறு நாளும் அவள் சாப்பிட்டது என் கையால்தான். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. யாருக்கு என்ன செய்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மேடவாக்கத்தில் ஒரு அடுக்ககத்தில் குடியிருந்த பையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு மனசு சரியில்லாமல் போயிற்று. தூங்க மாட்டாள், பேச மாட்டாள், குழந்தை அழுதால் தானும் சேர்ந்து அழுவாள். டாக்டர், மாத்திரை என்று இரண்டு வருடம் ஓடியது. பிறகு 'கொஞ்ச நாள் அம்மா வீட்டில் ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டார். குழந்தையைக் கொண்டுவரவில்லை.

வந்தவள் காலையில் எழுந்ததும் புழக்கடையில் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிடுவாள். நைட்டி, வாராத தலை. வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே போவாள். நான் சுவரோரம் நின்று "சாப்டியாம்மா?" என்பேன். சில நாள் தலையாட்டுவாள். சில நாள் அதுவும் இல்லை. அக்காவிடம் கேட்டால், "ஒண்ணும் இல்ல டீச்சர், அலுப்பு" என்பாள். எனக்கு அது உறுத்தியது. இருபத்தெட்டு வருடம் பழகியவளிடம் அலுப்பு என்றா சொல்வது? மெதுவாக அக்கா சுவரோரம் வருவதையும் நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் அந்தப் புகை. அந்தப் பெண் ஒருநாள் காய்ந்த மாவிலைகளைக் கூட்டிக் குவித்துக் கொளுத்தினாள். காற்று என் பக்கம் அடித்தது. நான் கொடியில் போட்டிருந்த போர்வை, வேட்டி எல்லாம் புகை நாற்றம். நான் வெளியே வந்து கத்தினேன். "கண்ணு தெரியலையா உனக்கு? பக்கத்துல மனுஷங்க இருக்காங்கன்னு தோணலையா?" முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் கத்திய தொண்டை, தெருமுனைவரை கேட்டிருக்கும். அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முடங்கிக் கிடந்த பெண் எழுந்து இலை கூட்டினால் யாரும் சந்தோஷப்படுவார்கள். அவள் மாதக்கணக்கில் அந்தக் கல்லைவிட்டு எழுந்து செய்த முதல் வேலை அது. அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. என்னை மதிக்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

பதினைந்து நாளில் கொத்தனார் வந்து நான்கடிச் சுவரின்மேல் செங்கல் அடுக்க ஆரம்பித்தார்.

"யாரைக் கேட்டு கட்டறீங்க?" என்றேன்.

"ஓனரம்மா ஏழடி ஏத்தச் சொன்னாங்கோ, ஏத்திகினு கீறோம். என்னாண்ட பேஜார் பண்ணாதீங்க மேடம், அவங்களையே கேட்டுக்கோங்க" என்றார்.

அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"என்னக்கா இது?"

"கொஞ்சம் உயர்த்தலாம்னு டீச்சர்."

"எதுக்கு?"

"ஒரு காரணம் இருக்கு. தயவுசெஞ்சு கேக்காதீங்க."

"யாரை மறைக்கறதுக்கு? என்னையா?"

அவள் கொத்தனார் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அதுவே பதிலாகப் பட்டது. "பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இந்தத் தெருவுல யாரு டீச்சர் அதைப் பாக்கறாங்க?"

"நான் பாக்கறேன்" என்றேன்.

என் கணவர் எல்லாவற்றையும் வராந்தாவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கேக்காதீங்கன்னு அவங்க சொன்னா கேக்காம விடேன்" என்றார். வீட்டில் நியாயமாகப் பேசுகிற ஒரே ஆள் அவர். அதனாலேயே அவர் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மறுநாளே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். சின்ன வயசுக்காரர், சுறுசுறுப்பு. பத்திரத்தைப் புரட்டினார். "நாலடி கண்டிஷன் தெளிவா இருக்கு மேடம். ஆனா தெருவே மீறியிருக்குன்னு எதிர்த்தரப்புல சொல்லுவாங்க. உடனே ஸ்டே வேணும்னா அவசரம்னு காட்ட ஏதாவது வேணும். அவங்களால ஏதாவது தொந்தரவு உண்டா?" என்றார்.

நான் புகையைச் சொன்னேன். கோபத்தில் அந்தப் பெண்ணுக்கு மனசு சரியில்லாமல் போனதையும் சொன்னேன்.

இரண்டு நாளில் பிரமாண வாக்குமூலம் டைப் ஆகி வந்தது. ஒன்பதாம் பத்தி இப்படி இருந்தது: பிரதிவாதியின் மகள் மனநிலை சரியற்றவர் என்றும், நிதானம் இழந்த நிலையில் புழக்கடையில் அடிக்கடி தீ வைப்பவர் என்றும், மதிலை உயர்த்திவிட்டால் அங்கே நடப்பது வெளியில் யாருக்கும் தெரியாமல் போய் வாதியின் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து நேரும் என்றும்.

"ஒரு தடவைதான் சார் கொளுத்தினா. அதுவும் இலை" என்றேன்.

"தெரியும் மேடம். இப்படித்தான் எழுதறது. எல்லாரும் எழுதறதுதான், யாரும் இதையெல்லாம் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க."

நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தேன். அந்தப் பத்தியில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. பேனாவை வாங்கித் திருத்தினேன். திருத்தின இடத்தில் ஓரத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்றார், போட்டேன். பிழையைத் திருத்தினவள் பொய்யைத் திருத்தவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கேம்ப் ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஸ்டே கிடைத்தது. சுவர் ஐந்தேகால் அடியில் நின்றுபோனது. கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் கொண்டுவந்த அமீனாவுக்கு அக்கா கதவைத் திறக்கவில்லை. அவர் அதை அவள் கேட்டிலேயே ஒட்டிவிட்டுப் போனார். வழக்கு எண், வாதி பெயர், பிரதிவாதி பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில். அக்கா அதைக் கிழிக்கவும் இல்லை. கோர்ட் ஒட்டியதைக் கிழித்தால் குற்றம் என்று பயந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருபது நிமிடம்தான் இருந்தார். போகும்போது கேட்டருகில் நின்று, அந்த நோட்டீஸைப் போனில் படம் எடுத்தார். நான் என் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் பார்க்கட்டும், மாமியாரின் லட்சணம் தெரியட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஜெராக்ஸ் காகிதங்கள். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள்.

"இது உங்க கையெழுத்துதானே டீச்சர்?"

என்னுடைய வாக்குமூலம். மாப்பிள்ளையின் வக்கீல், கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸின் எண்ணை வைத்து நகல் மனு போட்டு வாங்கியிருக்கிறார். குடும்ப நல கோர்ட்டில், குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று நடக்கிற வழக்கில், அதைத் தாக்கல் செய்துவிட்டார். அப்படி ஒரு வழக்கு நடக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அக்கா நின்றபடியே சொன்னாள். அவள் மகளுக்கு உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாய்தாவில், வாரக் கடைசியில் குழந்தையை அவளிடம் அனுப்பிப் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருந்தது. அதைத் தடுக்க மாப்பிள்ளை வீட்டார் ஆதாரம் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது மூலை மனை. தெருப்பக்கம் மதில் இல்லை, வெறும் கம்பி வேலி. பக்கத்துத் தெருவில் காரை நிறுத்தினால் என் தோட்டத்தைத் தாண்டி, நான்கடிச் சுவருக்கு மேலே, அந்தத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறவள் முழுசாகத் தெரிவாள். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் காரில் உட்கார்ந்தபடியே படம் எடுத்ததை அக்கா பார்த்துவிட்டாள். பைத்தியம் என்று காட்ட அந்தத் தலையும் நைட்டியும் போதும். பெண்ணை உள்ளேயே பூட்டி வைக்கவும் முடியாது, வெளிக்காற்றில் உட்காரட்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதனால்தான் ஏழடி.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. என் பக்கத்துக் கம்பி வேலியை நானே தகரம் வெச்சு அடைச்சிருப்பேனே. ஒரு மணி நேர வேலை. தெருப்பக்கம் அடைக்கறதைப் பத்திரம்கூடத் தடுக்கல."

"சொல்லியிருக்கணும்" என்றாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு வக்கீல் சொன்னாரு. அதுவும் இல்லாம... நீங்க அந்தக் காரைப் பாத்தா தெருவுல நின்னு கத்துவீங்க. ஊருக்கே தெரிஞ்சு போகும். அதான் பயந்துட்டேன் டீச்சர்."

அவள் சொன்னது சரி. நான் கத்தியிருப்பேன்.

அன்றே வக்கீலிடம் ஓடினேன். வழக்கை வாபஸ் வாங்கிவிடலாம் மேடம், ஆனால் தாக்கல் செய்தது செய்ததுதான் என்றார். வாபஸ் வாங்கினேன். பிறகு அக்காவிடம் போய், அவள் பெண்ணுக்காக நானே கோர்ட்டில் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அக்காவின் வக்கீலுக்கு அரை மனசுதான். நான்தான் விடவில்லை. இருபத்தெட்டு வருடமாக அவளைப் பார்க்கிறவள், டீச்சர், நான் சொன்னால் ஜட்ஜ் நம்பாமல் போவாரா என்று வாதாடினேன். நான் போய் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

சாட்சிக் கூண்டில் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அவள் நல்ல பெண், என் கையில் வளர்ந்தவள், அவள் கொளுத்தியது ஒரே ஒரு நாள், அதுவும் குப்பை இலை, இப்போது தெளிவாக இருக்கிறாள், குழந்தைக்காக ஏங்கிப் போயிருக்கிறாள். ஜட்ஜ் தலையசைத்துக்கொண்டே எழுதினார். எனக்குத் தைரியம் வந்தது.

பிறகு மாப்பிள்ளையின் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"டீச்சரா எத்தனை வருஷம் இருந்தீங்கம்மா?"

"முப்பத்திரண்டு வருஷம்."

"படிக்காம கையெழுத்துப் போடற பழக்கம் உண்டா?"

"இல்லை."

காகிதத்தை என்னிடம் கொடுத்தார். "ஒன்பதாவது பத்தியில ரெண்டு திருத்தம் இருக்கு. ஓரத்துல இருக்கற சுருக்கொப்பம் உங்களுதா?"

"ஆமாம்."

"அப்போ இந்தப் பத்தியை எழுத்து எழுத்தா படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமாம்."

"இந்தப் பொண்ணு மனநிலை சரியில்லாதவங்க, அடிக்கடி தீ வைக்கிறவங்கன்னு சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கீங்க. இன்னைக்கு இல்லைன்னு சொல்றீங்க. எதும்மா பொய்?"

"அன்னைக்கு எழுதினதுதான் பொய்."

"எதுக்காகப் பொய் சொன்னீங்க?"

நான் காகிதத்தை அவரிடமே திருப்பி நீட்டினேன். பதில் சொல்லுங்கம்மா என்று ஜட்ஜ் சொன்னார்.

"சுவருக்காக."

"ஒரு சுவருக்காக சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவங்க, தூக்கி வளர்த்த பொண்ணுக்காகச் சொல்ல மாட்டீங்களா?"

அக்கா முன் வரிசையில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய அறையில் யாராவது என்னைத் திட்டமாட்டார்களா என்று இருந்தது.

என்னால்தான் தீர்ப்பு அப்படிப் போயிற்று என்று அக்கா சொல்லவில்லை. என் ஒருத்தியின் காகிதம் மட்டுமே காரணமாக இருந்திருக்காது என்று என் கணவரும் சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஆனால் உத்தரவின் நகலை நான் கேட்டு வாங்கிப் படித்தேன். அதில் ஒன்பதாம் பத்தி வருகிறது. 'நெடுங்காலம் பழகிய அண்டை வீட்டாரே' என்று வருகிறது. குழந்தை இப்போதைக்குத் தகப்பனிடமே இருக்கட்டும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்தில் இருக்கிற குழந்தைகள் அறையில் தாய் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. நான் அதைப் படித்து முடித்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

இனி நான் எதுவும் கேட்க மாட்டேன், ஏழடி என்ன, பத்தடி கட்டிக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். "இனிமே மறைச்சு என்ன ஆகப் போவுது டீச்சர்?" என்றாள். சுவர் பூச்சு இல்லாமல் ஐந்தேகால் அடியிலேயே நிற்கிறது. சமைத்தால் அக்கா இப்போதும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புகிறாள், நானும் அனுப்புகிறேன். சுவர் உயர்ந்துவிட்டதால் கேட் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தக் கிண்ணத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தப் பெண் இப்போது நன்றாக இருக்கிறாள். சனிக்கிழமை என்றால் விடியும்போதே எழுந்து தலை குளித்து, பருத்திப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொள்கிறாள். பையில் கலர் பென்சில், படப் புத்தகம், குழந்தைக்குப் பிடித்த நெய் பிஸ்கட். ஒவ்வொரு முறையும் அக்கா கூடப் போவாள்.

போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல். அந்தப் பெண் தனியாகக் கிளம்பி, வாசலில் ஆட்டோவுக்கு நின்றாள். நான் அவசரமாகப் புடவை மாற்றிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

"நான் துணைக்கு வரேன்மா. உள்ளகூட வரல, வெளிய மரத்தடியில உக்காந்திருக்கேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான், பழைய சிரிப்பு.

"வேணாம் சித்தி."

"ஒரு ஓரமாத்தான்..."

"அவங்க வக்கீல் அங்கதான் சுத்திட்டிருப்பாரு. உங்களை என்கூடப் பாத்தா, நாம பேசி வெச்சுக்கிட்டுதான் சாட்சி சொன்னோம்னு எழுதுவாங்க. மேல்முறையீடு இருக்கு." அடுத்ததைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீங்க எனக்காக இன்னும் ஏதாவது செய்யணும்னு நெனச்சா, என் பக்கத்துல வராம இருங்க சித்தி. பாப்பா வர்ற வரைக்கும். அது போதும்."

ஆட்டோ வந்தது. வெயிலில் நிற்காதீர்கள், உள்ளே போங்கள் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

இரண்டு சனிக்கிழமை ஆகிவிட்டது. அவள் கிளம்புகிற சத்தம் கேட்டால் நான் வாசல் பக்கம் வருவதில்லை, முன்னறையில் விளக்கைக்கூடப் போடுவதில்லை.